தெரிந்த கடைசி வண்டி

வெர்லின் ரிக்ஸ்பிக்கு ஆட்களின் முகம் மனதில் நிற்காது. வண்டியைக் காட்டினால் போதும், அது யாருடையது, அவர் என்ன சாப்பிடுவார், வெங்காயம் எவ்வளவு, பன் எவ்வளவு கருக வேண்டும் என்று மளமளவென்று சொல்லிவிடுவார். ஒருமுறை வாலர் கிரீக் தபால் நிலையத்தில் ஒரு பெண்மணி அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். இவர் பேந்தப் பேந்த விழித்தார். அவள் வெளியே போய்ப் பழுப்பு நிற பிளிமத் காரில் ஏறிய பிறகுதான், "அடக் கடவுளே, ரெண்டு சீஸ், ஊறுகாய் வேண்டாம்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பா ஓடிஸ் கடையைக் கட்டிய விதம் அப்படி.

ஓடிஸ் சுவர் பூசும் கொத்தனார். முப்பதுகளில் ஒக்லஹோமாவில் புழுதிதான் எழும்பியது, சுவர் எழும்பவில்லை. கையில் வேலை இல்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். மேற்கே பிழைக்கப் போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் வழியில் பசிக்குமே என்று அவருக்குத் தோன்றியது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். இறைச்சி விலை அதிகம், வெங்காயம் மலிவு. ஓர் உருண்டை இறைச்சியின்மேல் அதே அளவு வெங்காயத்தைச் சீவிப் போட்டு, சும்மா கிடந்த பூச்சுக் கரண்டியால் சூடான இரும்புக் கல்லோடு வைத்து ஓங்கி அழுத்தினார். வெங்காயம் இறைச்சிக்குள் புதைந்து, ஓரமெல்லாம் கருகி மொறுமொறுத்தது. அந்த வாசனை போகிறவர்களின் காலைத் தானாக பிரேக்கில் வைத்தது.

கல்லை எங்கே வைப்பது என்பதில்தான் ஓடிஸ் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். ஊரில் எல்லாரும் அடுப்பைப் பின்சுவரோரம் வைத்தார்கள். இவர் சாலையைப் பார்த்த பெரிய ஜன்னலை ஒட்டி வைத்தார்.

"பசியோட போறவனுக்கு போர்டு தெரியாதுடா, கல்லுதான் தெரியும்" என்பார்.

போகிறவர்கள் கல்லைப் பார்த்தார்கள், நின்றார்கள். ஆனால் கல்லின் முன்னால் நிற்கிறவன் நாள் முழுக்க சாலையைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. மேசையும் அதை ஒட்டிய ஒன்பது ஸ்டூல்களும் அவன் முதுகுக்குப் பின்னால். பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய வயதில் வெர்லின் அங்கே ஏறி நின்றார். அப்புறம் இறங்கவேயில்லை.

முகம் தெரியாத அந்த இடத்தில் அவருக்கு ஒரு வித்தை கைவந்தது. சாலையிலிருந்து வண்டி திரும்பும்போதே அது யாரென்று பார்த்து, இறைச்சியைக் கல்லில் போட்டுவிடுவார். ஆள் இறங்கி, முதுகை நிமிர்த்தி, உள்ளே வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் தட்டு மேசைக்கு வந்துவிடும். 'ரிக்ஸ்பி கடையில ஆர்டர் சொல்றவன் வெளியூர்க்காரன்' என்று வாலர் கிரீக்கில் ஒரு பேச்சே இருந்தது. புது கார் வாங்கியவர்கள் அதை அக்கம்பக்கத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் வெர்லினிடம் கொண்டுவந்து காட்டினார்கள். இல்லாவிட்டால் வெளியூர்க்காரனைப் போல வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்குமே.

போர் வந்தபோது ராணுவ லாரிகள் வரிசையாக நின்றன. போர் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கடல் பார்க்கக் கிளம்பினார்கள். உள்ளே இடம் போதாமல், கார் ஜன்னலில் தட்டு மாட்டிப் பரிமாற இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தார் ஓடிஸ். அவர்களில் ஒருத்தி இமோஜீன். வெர்லினுக்கு அவள்மேல் ஒரு கண். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இவர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த கோடையில் ஒரு கருப்பு ஹட்சன் கார் அடிக்கடி வர ஆரம்பித்தது. மூன்று வெள்ளரி ஊறுகாய்த் துண்டு கூடுதல், பன் நன்றாகக் கருகணும். வெர்லின் ஒரு நாள்கூடத் தப்பு விடாமல் போட்டுக் கொடுத்தார். கடைசியில் அந்த ஹட்சனில்தான் இமோஜீன் கலிபோர்னியாவுக்குப் போனாள். அது மேற்கே போய்ப் புள்ளியாகத் தேயும் வரைக்கும் ஜன்னல் வழியாக அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்பா போனார். அக்கா ஒலீட்டா கல்யாணமாகி அமரில்லோ போனாள். அப்புறம் ஒரு நாள், ஊருக்கு வடக்கே புது நாலுவழிச் சாலையைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டினார்கள். சனிக்கிழமை மத்தியானம் வெர்லின் வெங்காயம் சீவி முடித்து நிமிர்ந்தபோது, சாலையில் ஒரு நாய் நடுக்கோட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் பங்க் மூடியது. பழைய விடுதி மூடியது. தெரிந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சில வண்டிகள் பழசாகிப் போயின, சிலவற்றின் ஆட்கள் போனார்கள், சில நாலுவழிச் சாலைக்கு மாறின. ஒலீட்டா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து தம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

"டேய், அந்தத் தகரக் கொட்டாய்ல யாருக்குடா சுட்டுப் போடற? ஈ எறும்புக்கா? பேசாம மூடிட்டு இங்க வந்து சேரு. பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"வருவேன்கா."

"எப்போ? நான் செத்தப்புறமா?"

அவள் விடமாட்டாள் என்று தெரிந்ததும் வெர்லின் ஒரு வார்த்தை கொடுத்தார். "எனக்குத் தெரிஞ்ச வண்டின்னு ஒண்ணாவது திரும்பி உள்ள வர்ற வரைக்கும் கடை இருக்கும். அதுவும் நின்னுடுச்சுன்னா, மறு வாரமே பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன். போதுமா?"

"சத்தியமா?"

"அப்பா மேல சத்தியம்."

அதிலிருந்து ஒலீட்டா போனில் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டாள். எடுத்ததுமே, "வண்டி வந்துச்சா?" என்பாள்.

வந்துகொண்டுதான் இருந்தது. வருடங்கள் போகப்போக அது ஒரே ஒரு வண்டி என்று ஆனது. நீல நிற ஃபோர்டு பிக்கப், முன்பக்கம் வலது மட்கார்டு மட்டும் வெள்ளை. எங்கோ இடித்து, வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது. அதன் ஆள் கிளோவிஸ் டாக்கெட். பண்ணைகளில் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி பம்புகளைப் பழுது பார்ப்பவர். மத்தியானம் மேற்கிலிருந்து வருவார், சாப்பிட்டுவிட்டு மேற்கே போவார். மனைவி இறந்த வருடம் வர ஆரம்பித்தவர், அப்புறம் நிறுத்தவில்லை. வெங்காயம் இரட்டிப்பு, கடுகு விழுது கூடாது, ஊறுகாய் தட்டோரம் தனியாக. கடைசி ஸ்டூல்தான் அவருடைய இடம். போகும்போது மேசையிலிருக்கும் கிண்ணத்திலிருந்து, கடைப் பெயரும் முகவரியும் அச்சடித்த தீக்குச்சி அட்டை ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சிகரெட் பிடிக்காத மனுஷனுக்கு அது எதற்கென்று வெர்லின் கேட்டதில்லை.

பேச்செல்லாம் முதுகோடுதான்.

"யோவ் ரிக்ஸ்பி, உன் முதுகு இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கே. ராத்திரி தூங்கலையா?"

"என் முதுகுக்கு ஒரு கேடும் இல்ல. ஆறிப் போகுது, சாப்பிடு."

"மூஞ்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு? நீ செத்தா பெட்டில குப்புறப் படுக்க வைக்கச் சொல்றேன்யா. அப்பத்தான் ஊர்ல எல்லாருக்கும் அடையாளம் தெரியும்."

"அதுக்கு நீ உயிரோட இருக்கணுமே!"

"இருப்பேன். உன் வெங்காயம் என்னை விடாது."

இவ்வளவுதான் அவர்கள் சினேகம். அவர் வீடு எங்கே என்று வெர்லினுக்குத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டம் என்பது வரை தெரியும். போன் நம்பர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை, வண்டிதான் தினமும் வந்துகொண்டிருந்ததே.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் கிளோவிஸ் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "வர்ற வாரம் இருக்க மாட்டேன்யா. பொண்ணு டெக்சாஸுக்கு வரச் சொல்றா. ஏதோ டாக்டரைப் பாக்கணுமாம்."

"உடம்புக்கு என்ன?"

"வயசாச்சு, அதான் உடம்புக்கு. வேற என்ன?"

வெர்லின் அப்போது கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டும்போது பாதியில் நிறுத்தினால் எண்ணெய் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அதனால் திரும்பவில்லை. "சீக்கிரம் வந்து சேரு" என்று கல்லைப் பார்த்தே சொன்னார். கதவு மூடும் சத்தம் கேட்டது. பிக்கப் மேற்கே போவதை வழக்கம்போல் பார்த்தார்.

வர்ற வாரம் போனது. அதற்கடுத்த வாரமும் போனது.

"வண்டி வந்துச்சா?"

"டெக்சாஸ் போயிருக்குக்கா."

"வண்டியா, ஆளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்பா மேல சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

செப்டம்பர் முடிந்தது. வழி தவறி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு நாலுவழிச் சாலைக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். மத்தியான வேளைகளில் கல் சும்மா காய்ந்தது. யாரிடமாவது விசாரிக்கலாமா என்று யோசித்தார். என்னவென்று கேட்பது? 'நீங்க யாரு அவருக்கு?' என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? 'சாப்பாடு போடறவன்' என்றா? ஒருநாள் கடையின் பின்னறையில், தான் படுக்கும் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். அடைக்க என்ன இருக்கிறது என்று பார்த்தார். சட்டைகள், அப்பாவின் பூச்சுக் கரண்டி, வேறொன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மேற்கே ஒரு நீலம் தெரிந்தது. பிறகு வெள்ளை மட்கார்டு. இண்டிகேட்டர் போட்டது, திரும்பியது.

யோசிக்கும் முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டது. உருண்டை விழுந்தது. அதன்மேல் இரண்டு பிடி வெங்காயம். கரண்டி அழுத்த, கல் சீறியது. பன்னைப் பிளந்து ஓரமாகக் கவிழ்த்தார். அப்புறம், இத்தனை வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்தார். கையைத் துடைத்தார், தொப்பியைக் கழற்றினார், கல்லை விட்டுத் திரும்பிக் கதவைப் பார்த்து நின்றுகொண்டார். 'இதோ பாருய்யா மூஞ்சி' என்று சொல்ல வேண்டும். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

கதவைத் திறந்துகொண்டு சேற்று பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் மாட்டுத்தீவனக் கடைத் தொப்பி.

"கடை இருக்குங்களா?"

வெர்லின் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அவரு இறங்கலையா?"

"எவரு?"

"கிளோவிஸ்."

அந்தப் பெண் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "நீங்கதான் அந்த ஃப்ரெண்டா?" என்றாள் மெதுவாக.

அவள் பெயர் லடோனா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்ப்பவள். போன வாரம் ஏலத்தில் அந்த பிக்கப்பை எடுத்திருந்தாள். சொல்லத் தெரியாமல், வண்டியில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றிச் சொன்னாள்.

"அவரு பொண்ணு டெக்சாஸ்லருந்து வந்திருந்தாங்க. செப்டம்பர் கடைசில தவறிட்டாராம். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். ரொம்ப கஷ்டப்படலைன்னு சொன்னாங்க." தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே தொடர்ந்தாள். "தினமும் மத்தியானம் ஃப்ரெண்டு கூடதான் சாப்பிடுவேன்னு அப்பா சொல்லுவாரு, அந்த ஃப்ரெண்டு யாருன்னே தெரியல, சொல்லி அனுப்பணும்னு சர்ச்சுல எல்லாம் கேட்டோம், யாருக்கும் தெரியலைன்னாங்க. யார் வீட்டுலயோ சாப்பிடறாருன்னு நெனச்சிருக்காங்க சார். கடைன்னு தெரியாது."

வெர்லின் கையிலிருந்த தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"நேத்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். பொலபொலன்னு மடியில கொட்டுச்சு, எல்லாம் தீக்குச்சி அட்டை. ரெண்டு கையில அள்ள முடியல. எல்லாத்துலயும் இந்தக் கடை அட்ரஸ். ஒண்ணுலகூட ஒரு குச்சி கிழிக்கல. சிகரெட் பிடிப்பாரா அவரு?"

"பிடிக்க மாட்டாரு" என்றார் வெர்லின்.

"சார், கருகுது."

அவர் திரும்பினார். பன் கரியாகியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துக் கவிழ்த்தார். வெங்காயம் தப்பித்திருந்தது, ஓரம் மட்டும் சரியான கருகல். அடுக்கி, ஊறுகாயைத் தட்டோரம் வைத்து, கடைசி ஸ்டூல் முன்னால் கொண்டுபோய் வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோமென்று தெரிந்தது.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் லடோனா.

"வண்டி சொல்லிடுச்சும்மா."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் சங்கடமாகத் தலையைச் சொறிந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு வெங்காயம் ஒத்துக்காது."

வெர்லின் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "வெங்காயம் இல்லாமயா?"

"ஆமா."

"வெங்காயம் இல்லாட்டி அது ரிக்ஸ்பி பர்கரே இல்லம்மா. வெறும் கறி."

"வெறும் கறியே போடுங்க சார், காலைலருந்து பட்டினி."

அந்தக் கல்லில் அப்படியொன்று விழுந்ததே இல்லை. கை இரண்டு தடவை வெங்காயத் தட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அழுத்தினார். கல் சீறியது, ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. "மொட்டையடிச்ச மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார்.

"மொட்டைக்கென்ன கொறைச்சல்? கடுகு மட்டும் தாராளமா போடுங்க."

அவள் இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்து பசியோடு சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து, கடைசி ஸ்டூல் முன்னாலிருந்த தட்டைக் கண்ணால் காட்டினாள். "அது ஆறுதே சார். யாரு சாப்பிடறது?"

வெர்லின் அடுப்பைத் தணித்தார். பிறகு மேசையின் வழிப் பலகையைத் தூக்கி அந்தப் பக்கம் போய், கிளோவிஸின் ஸ்டூலில் உட்கார்ந்தார். ராத்திரி கூட்டித் துடைக்கும்போது அந்தப் பக்கம் போவதுண்டு, உட்கார்ந்ததில்லை. எதிரே கல், கல்லுக்கு மேலே ஜன்னல், ஜன்னல் நிறைய சாலை. ஆற்றுப் பாலம் வரைக்கும் தெரிந்தது. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இங்கே உட்கார்ந்தவர்கள் இந்தச் சாலையை ஒரு நாளும் பார்த்திருக்க முடியாது. சரியாக அந்த இடத்தில் ஒரு முதுகு நின்றுகொண்டிருந்திருக்கும். கிளோவிஸ் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது அதைத்தான்.

பர்கரைக் கடித்தார். வெங்காயம் அதிகம். மனுஷன் எப்படித்தான் சாப்பிட்டாரோ. தட்டைக் காலி செய்யும் வரை எழுந்திருக்கவில்லை.

லடோனா கிளம்பும்போது, "அந்தத் தீக்குச்சி அட்டையெல்லாம் கொண்டுவந்து தந்துடறேன் சார்" என்றாள்.

"வேண்டாம்மா. வண்டியிலயே கெடக்கட்டும்."

"செவ்வாய்க்கிழமை தீவனம் வாங்க இந்தப் பக்கமா வந்தாலும் வருவேன்."

"வா."

"வண்டி திரும்பறப்பவே வெங்காயத்தைப் போட்டுடாதீங்க."

அவர் சிரிக்க முயன்றார். பிக்கப் வளைந்து சாலையில் ஏறி மேற்கே போனது. கல்லின் முன்னால் போய் நின்று, அது பாலத்தைத் தாண்டும் வரை பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"வண்டி வந்துச்சா?"

பெட்டி கட்டில் ஓரமாகத் திறந்தபடிதான் கிடந்தது. வெர்லின் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"வந்துச்சுக்கா. வியாழக்கெழம."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஏமாற்றமா, நிம்மதியா, சொல்ல முடியாது. "சரி, இருந்துட்டுப் போ. ஆளு எப்படி இருக்காரு? டாக்டர் என்ன சொன்னாராம்?"

வெர்லின் ஜன்னலைப் பார்த்தார். சாலையில் யாரும் இல்லை.

"இப்பெல்லாம் வெங்காயம் ஒத்துக்கலையாம்."

"வயசானா அப்படித்தான்டா. நீயும் கொஞ்சம் கொறைச்சுக்கோ."

"சரிக்கா."

போனை வைத்துவிட்டு, ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மேற்குப் பக்கத்தை முதலில் துடைத்தார்.